முதலில் வெற்று சீரத்தை ஓட்டுங்கள்

கேள்வி: பெங்களூருவில் எம்.ஃபார்ம் கடைசி ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் தருமபுரி. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமாசெபின், ரத்த சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) எவ்வளவு இருக்கிறது என்று ஹெச்பிஎல்சி-யில் (கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்து அளக்கும் கருவி) அளப்பதுதான் என் புராஜெக்ட். மாத்திரைக்கான மெத்தட் டிபார்ட்மென்ட்டில் ஏற்கெனவே இருந்தது: 150 மி.மீ. சி18 காலம் (column, பொருட்களைப் பிரிக்கும் குழல்), மெத்தனால்–தண்ணீர் 70:30, டிடெக்டர் அலைநீளம் 285 நானோமீட்டர். 3.2 நிமிடத்தில் அழகான பீக் வந்தது. சீரத்துக்கு வந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது. இன்டர்னல் ஸ்டாண்டர்டாக (ஒப்பிடுவதற்காக எல்லா மாதிரியிலும் ஒரே அளவு சேர்க்கும் பொருள்) 10,11-டைஹைட்ரோகார்பமாசெபின் போட்டேன். அது 285-இல் சரியாகத் தெரியாததால் 210-க்கு மாறினேன். இப்போது மருந்தின் பீக், முன்னால் வரும் பெரிய பீக்கின் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. சீரத்தோடு இரண்டு மடங்கு மெத்தனால் சேர்த்துப் புரதத்தை வீழ்படிவாக்குகிறேன். முப்பது இன்ஜெக்‌ஷனுக்குள் பிரஷர் 110 பாரிலிருந்து 190-க்கு ஏறிவிட்டது. ரெக்கவரி (சேர்த்த மருந்தில் திரும்பக் கிடைப்பது) 68% தான். காலிப்ரேஷன் (தெரிந்த அளவு மருந்து சேர்த்த ஸ்டாண்டர்டுகளை வைத்துப் போடும் கோடு) மில்லிக்கு 0.5 முதல் 20 மைக்ரோகிராம் வரை. ஆர் ஸ்கொயர் 0.9989. ஆனால் 0.5 ஸ்டாண்டர்டைத் திரும்பக் கணக்கிட்டால் 0.61 வருகிறது. அந்தப் புள்ளியை எடுத்துவிடலாம் என்கிறார் கைடு. காலத்தை மாற்றவா, கிரேடியன்ட்டுக்கு (ஓட்டத்தின் நடுவே கரைப்பான் விகிதத்தை மாற்றுவது) போகவா? பெயர் வேண்டாம்.

பதில்: காலத்தை மாற்ற வேண்டாம். கிரேடியன்ட்டும் இப்போதைக்கு வேண்டாம். 0.5 புள்ளியை எடுக்கவே வேண்டாம். உங்கள் மெத்தட்டில் என்ன கோளாறு என்று நேர்மையாகச் சொல்வது அந்தப் புள்ளி ஒன்றுதான்.

மாத்திரை மெத்தட்டைச் சீரத்துக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது எல்லோரும் மருந்தின் பீக்கையே பார்க்கிறார்கள். மாத்திரையில் மருந்துதான் பெரும்பங்கு. ஸ்டார்ச்சும் மெக்னீசியம் ஸ்டியரேட்டும் டிடெக்டரில் தெரிவதே இல்லை. சீரத்தில் ஒரு மில்லிக்கு 60 முதல் 80 மில்லிகிராம் புரதம் இருக்கிறது. உங்கள் மருந்தோ சில மைக்ரோகிராம். யூரிக் அமிலம், ஹிப்யூரிக் அமிலம், டிரிப்டோஃபேன், காலையில் குடித்த காபியின் கஃபீன், நேற்று இரவு போட்ட டோலோவின் பாராசிட்டமால் எல்லாம் அந்த 200 மைக்ரோலிட்டருக்குள் இருக்கின்றன. ஆகவே சீர மெத்தட்டின் முதல் குரோமட்டோகிராம் மருந்து சேர்க்காத வெற்று சீரத்தினுடையதாக இருக்க வேண்டும். அதுவும் ஒருவருடையது போதாது, ஆறு பேருடையது வேண்டும். ஆறு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஒய் அச்சைப் பெரிதாக்கி, எங்கே ஆறிலும் அமைதியாக இருக்கிறதோ அந்த இடத்துக்கு மருந்தை நகர்த்துவதுதான் வேலை.

நீங்கள் அனுப்பிய விவரத்தில் வெற்று சீரத்தின் படமே இல்லை. ரத்த வங்கியிலிருந்து ஒரே பை வாங்கிப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் இரண்டு விஷயம். ஒன்று, ரத்த வங்கிப் பையில் வருவது சிட்ரேட் கலந்த பிளாஸ்மா, சீரம் அல்ல. உறைவுத் தடுப்புக் கரைசலால் சற்று நீர்த்தும் இருக்கும். நோயாளியிடம் சீரம் எடுத்தால் ஸ்டாண்டர்டும் சீரத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு, ஒரே பையில் எல்லா ஸ்டாண்டர்டையும் தயாரித்தால் குறுக்கீடு ஒளிந்துகொள்ளும். வெற்று சீரத்திலேயே மருந்தின் இடத்தில் ஒரு சிறு பீக் இருக்கிறது என்று வையுங்கள். அது எல்லா ஸ்டாண்டர்டிலும் ஒரே அளவாகச் சேரும். கோட்டின் இன்டர்செப்ட் (கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்) அதை விழுங்கிவிடும். க்யூசி-யும் (மெத்தட்டைச் சரிபார்க்கத் தெரிந்த அளவு மருந்து சேர்த்த மாதிரி) அதே பையில் செய்ததால் அதுவும் பாஸாகும். அந்தக் குறுக்கீடு இல்லாத வேறொருவரின் சீரம் வரும்போது இன்டர்செப்டைக் கழித்து, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டுவீர்கள். எந்த அலாரமும் அடிக்காது. தன்னார்வலர்களிடம் வெற்று ரத்தம் எடுக்கவும் கல்லூரி எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி வேண்டும் என்பதால், அதற்கான விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

ரத்தம் எடுக்கும் குழாயையும் பாருங்கள். மஞ்சள் மூடி போட்ட ஜெல் குழாய்கள் சில, கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் போன்றவற்றை ஜெல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். சீரம் ஜெல்மேல் நின்றுகொண்டே இருந்தால் இழப்பும் கூடும். ஜெல் இல்லாத சாதா சிவப்பு மூடிக் குழாய் போதும். அரை மணி நேரம் உறையவிட்டு, சுழற்றி, சீரத்தை உடனே வேறு குழாய்க்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது அலைநீளம். உங்கள் தொல்லையின் வேர் இங்கேதான். கார்பமாசெபின் மூலக்கூறின் நடு வளையத்தில் 10, 11 கார்பன்களுக்கு இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. இரண்டு பென்சீன் வளையங்களையும் அது இணைப்பதால்தான் 285-இல் நல்ல உறிஞ்சல் கிடைக்கிறது. டைஹைட்ரோ சேர்மத்தில் அந்தப் பிணைப்பு இல்லை. ஆகவே 285-இல் அது மங்கியது இயல்பே. மருந்தின் வளர்சிதைப் பொருளான 10,11-எபாக்சைடுக்கும் இதே கதை. அதற்காக 210-க்குப் போனீர்கள். ஆனால் 210-இல் சீரத்தில் இருக்கும் ஏறக்குறைய எல்லாமே உறிஞ்சும். கூடவே மெத்தனாலின் யூவி கட்-ஆஃப் (இதற்குக் கீழே கரைப்பானே ஒளியை உறிஞ்சிவிடும்) 205 நானோமீட்டர். 70% மெத்தனால் ஓடும்போது 210-இல் டிடெக்டர் மூச்சுத் திணறும். பேஸ்லைன் இரைச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

வழி இரண்டு. உங்கள் கருவியில் பிடிஏ டிடெக்டர் (பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் படிப்பது) இருந்தாலோ, யூவி டிடெக்டர் இரட்டை அலைநீளத்தில் ஓடினாலோ, மருந்தை 285-இலும் இன்டர்னல் ஸ்டாண்டர்டை 215-இலும் படியுங்கள். மருந்தின் பீக் சுத்தமாகிவிடும். இன்டர்னல் ஸ்டாண்டர்டை நீங்களே அதிகமாகச் சேர்ப்பதால் அங்கே சற்றுக் குப்பை இருந்தாலும் தாங்கும். ஒற்றை அலைநீள டிடெக்டர்தான் என்றால், மருந்து வந்து முடிந்ததும் 285-இலிருந்து 215-க்கு மாறும்படி டைம் புரோகிராம் போடலாம். டைஹைட்ரோ சேர்மம் பொதுவாக மருந்துக்குப் பிறகுதான் வரும். ஆனால் ஒட்டிக்கொண்டு வரும். மாறும்போது பேஸ்லைன் குதிக்கும் என்பதால் இரண்டுக்கும் இடையே ஒரு நிமிடமாவது இடைவெளி வேண்டும். எபாக்சைடையும் அளக்கப் போகிறீர்கள் என்றால் 215 தவிர வழியில்லை. அப்போது பிரித்தெடுப்பு முழுவதையும் காலம்தான் செய்ய வேண்டும்.

இன்டர்னல் ஸ்டாண்டர்டை மாற்ற நினைத்தால் ஃபெனிட்டாயினையும் ஃபெனோபார்பிட்டலையும் தொடாதீர்கள், பழைய மெத்தட்கள் சிலவற்றில் பார்த்திருந்தாலும் சரி. நிம்ஹான்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு வரும் வலிப்பு நோயாளிகளில் பலர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மருந்து சாப்பிடுபவர்கள். நோயாளி சாப்பிட வாய்ப்புள்ள எதுவும் இன்டர்னல் ஸ்டாண்டர்டாக இருக்கக் கூடாது. அந்தக் கணக்கில் கஃபீனும் பாராசிட்டமாலும்கூட அவுட்.

மொபைல் ஃபேஸுக்கு, அதாவது காலத்தின் வழியே ஓடும் கரைப்பான் கலவைக்கு வருவோம். 150 × 4.6 மி.மீ. காலத்தில் டெட் வால்யூம் (காலத்துக்குள் திரவம் நிற்கும் இடம்) சுமார் 1.5 மில்லி. நிமிடத்துக்கு 1 மில்லி ஓடினால் எதிலும் ஒட்டாத பொருள் 1.5 நிமிடத்தில் வெளியே வரும். உங்கள் பீக் 3.2-இல் வருகிறது, அதாவது கே மதிப்பு (பொருள் காலத்தில் எவ்வளவு தங்குகிறது என்று காட்டும் எண்: 3.2-இலிருந்து 1.5-ஐக் கழித்து, 1.5-ஆல் வகுப்பது) 1.1 தான். மாத்திரைக்கு அது போதும். சீரத்தில் முன்பக்கக் கூட்டம் (காலத்தில் அதிகம் ஒட்டாமல் முதலில் வெளிவரும் பொருட்கள்) 1.5-இல் தொடங்கி 3, 3.5 நிமிடம் வரை வால் இழுக்கும். நீங்கள் சரியாக அந்த வாலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கே குறைந்தது 3 ஆக வேண்டும், அதாவது 6 நிமிடத்துக்கு மேல்.

மெத்தனாலை விட்டு அசிட்டோநைட்ரைலுக்கு மாறுங்கள். அதன் கட்-ஆஃப் 190. பிசுபிசுப்பும் குறைவு, பிரஷரும் இறங்கும். 20 மில்லிமோலார் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் பஃபர் (லிட்டருக்கு 2.72 கிராம்) 70 பங்கு, அசிட்டோநைட்ரைல் 30 பங்கு என்று தொடங்குங்கள். 700 மில்லியையும் 300 மில்லியையும் தனித்தனியே அளந்து கலக்க வேண்டும். 300-ஐ ஊற்றி லிட்டர் குறி வரை பஃபரால் நிரப்பினால் கலக்கும்போது சுருங்கும் அளவுக்குப் பஃபர் கூடிவிடும், இரண்டு பேர் செய்த பாட்டில்கள் ஒத்துப்போகாது. அசிட்டோநைட்ரைல் 10% கூடினால் கே சுமாராக இரண்டிலிருந்து மூன்று மடங்கு குறையும். அந்தக் கணக்கில் 1% பிசகே ரிட்டென்ஷன் நேரத்தை (பீக் வெளிவரும் நேரம்) சுமார் 8% தள்ளிவிடும். மருந்து 6-க்கும் 10-க்கும் இடையே விழும்வரை 2%, 3% ஆக நகர்த்துங்கள். மருந்தும் டைஹைட்ரோவும் பிரிய மறுத்தால் அசிட்டோநைட்ரைலில் கொஞ்சத்தை மெத்தனாலாக மாற்றிப் பாருங்கள். கரைப்பான் வகை மாறும்போது பீக்குகளின் இடைவெளியும் மாறும். காலத்தை ஒரே வெப்பநிலையில் வைக்கும் ஓவனை (column oven) 30 அல்லது 35 டிகிரியில் நிறுத்துங்கள். பெங்களூரு குளிர்ந்த ஊர்தானே என்று ஓவனை நிறுத்தி வைத்தால், டிசம்பர் காலையில் எடுத்த ரிட்டென்ஷன் மாலையில் வராது. ஒரு டிகிரிக்கு 1 முதல் 2% நகரும்.

பிஹெச் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் கருவிகளிலேயே மிகப் பயனுள்ளது அதுதான். கார்பமாசெபின் இந்த பிஹெச் எல்லைக்குள் அயனியாவதில்லை. பஃபரை 3-இல் வைத்தாலும் 6.5-இல் வைத்தாலும் அதன் பீக் அசையாது, டைஹைட்ரோவும் அசையாது. அதனால் பிஹெச் முக்கியமில்லை என்று பலர் வெறும் தண்ணீரில் ஓட்டுகிறார்கள். நம் மருந்து அசையாது, ஆனால் சீரத்துக் குப்பை அசையும். ஹிப்யூரிக் அமிலத்தின் பிகேஏ (பாதி அயனியாகும் பிஹெச்) சுமார் 3.6. பிஹெச் 3-இல் அதில் பெரும்பகுதி அயனியாகாமல் காலத்தில் தங்கிப் பின்னால் வரும், 6.5-இல் முழுக்க அயனியாகி முன்பக்கக் கூட்டத்தோடு போய்விடும். ஆகவே ஆறு வெற்று சீரங்களையும் 3.0-இல் ஒரு முறை, 6.5-இல் ஒரு முறை ஓட்டுங்கள். மருந்தின் இடம் எந்த பிஹெச்-இல் காலியாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி மாதிரியில் சந்தேகம் வந்தாலும் இதே சோதனைதான்: பிஹெச் மாற்றியதும் ஒரு பீக் நகர்ந்தால் அது கார்பமாசெபின் இல்லை. பாஸ்பேட்டை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், 6.5-இல் பாக்டீரியா வேகமாக வளரும்.

பிரஷர் ஏறியதற்குக் காரணம் காலம் இல்லை, உங்கள் வீழ்படிவு. மெத்தனால் இரண்டு மடங்கில் புரதத்தை முழுசாக வீழ்த்தாது. மிச்சப் புரதம் தெளிந்த திரவம்போல் தோற்றமளித்து உள்ளே போய், காலத்தின் தலையில் மொபைல் ஃபேஸைச் சந்திக்கும்போது ஃப்ரிட்டில் (காலத்தின் வாயில் இருக்கும் வடிகட்டித் தட்டு) படியும். அதே அளவு அசிட்டோநைட்ரைல் இதைவிடச் சுத்தமாக வேலை செய்யும். மூன்று மடங்கு போட்டால் கவலையில்லை. இப்படிச் செய்யுங்கள்:

சீரம் 200 மைக்ரோலிட்டர். உறைவித்த சீரமாக இருந்தால் முழுவதும் உருகவிட்டு, வோர்டெக்ஸில் கலக்கி, ஒரு முறை சுழற்றி எடுத்த பிறகுதான் பிப்பெட் வைக்க வேண்டும். உருகும்போது மேலே நீர்த்தும் அடியில் அடர்ந்தும் இருக்கும், ஃபைப்ரின் நூல் வேறு பிப்பெட் முனையை அடைக்கும். அதில் இன்டர்னல் ஸ்டாண்டர்டு 20 மைக்ரோலிட்டர் சேர்த்து 30 விநாடி கலக்குங்கள். குழாய் வோர்டெக்ஸில் சுழன்றுகொண்டிருக்கும்போதே குளிர்ந்த அசிட்டோநைட்ரைல் 600 மைக்ரோலிட்டரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் பால் திரிந்த மாதிரி பெரிய கட்டியாகி, மருந்தையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். உங்களுக்குத் தொலைந்த 32%-இல் ஒரு பகுதி இப்படிப் போனதாக இருக்கலாம். இரண்டு நிமிடம் கலக்கி, 4 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, 12,000 ஜி-யில் பத்து நிமிடம் சுழற்றுங்கள். ஜி என்பது ஆர்பிஎம் அல்ல. ரோட்டரின் ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்-மின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்க வேண்டும். 8 செ.மீ. ஆரத்தில் 10,000 ஆர்பிஎம் என்பது சுமார் 8,900 ஜி. டிபார்ட்மென்ட்டில் இருக்கும் பெரிய சென்ட்ரிஃபியூஜில் 15 செ.மீ. ஆரம், 4,000 ஆர்பிஎம் என்றால் 2,700 ஜி-யைத்தான் எட்டும்; அது போதாது, மைக்ரோ சென்ட்ரிஃபியூஜ் தேடுங்கள்.

மேல் திரவத்தில் 400 மைக்ரோலிட்டர் மட்டும், அடிப்படிவைத் தொடாமல் எடுத்து, 400 மைக்ரோலிட்டர் தண்ணீர் சேர்த்துக் கலக்குங்கள். இந்தத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். மேல் திரவத்தில் அசிட்டோநைட்ரைல் 73% இருக்கிறது. 30% ஓடும் காலத்தில் அதை அப்படியே செலுத்தினால் மருந்தின் ஒரு பகுதி வலிமையான கரைப்பானோடு முன்னே ஓடும், பீக் பிளவுபடும் அல்லது முன்பக்கம் சரியும். சமபங்கு தண்ணீர் சேர்த்தால் 37% ஆகிறது. 20 மைக்ரோலிட்டர் இன்ஜெக்‌ஷனை அது தாங்கும். இன்னொரு லாபம்: மிச்சப் புரதம் ஏதாவது கலங்கினால் காலத்துக்குள் கலங்காமல் இங்கேயே கலங்கும். கலங்கினால் மறுபடி சுழற்றுங்கள். சிரிஞ்ச் ஃபில்டர் போடுவதானால் முதலில் ஒரு ஸ்டாண்டர்டை வடிகட்டியும் வடிகட்டாமலும் செலுத்தி ஒப்பிடுங்கள். நைலான் சில மருந்துகளைப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவு நீர்த்தால் உணர்திறன் போய்விடாதா? கணக்குப் பாருங்கள். மொத்தம் 8.2 மடங்கு நீர்க்கிறது. மில்லிக்கு 0.5 மைக்ரோகிராம் இருந்தது 61 நானோகிராம் ஆகிறது. 20 மைக்ரோலிட்டரில் 1.2 நானோகிராம் காலத்துக்குள் போகிறது. சாதாரண யூவி டிடெக்டருக்கு அது போதும்.

அடைபட்ட பிரஷரை இறக்க, முதலில் எங்கே அடைத்திருக்கிறது என்று பாருங்கள். காலத்தைக் கழற்றி யூனியன் (இணைப்புத் துண்டு) போட்டு ஓட்டுங்கள், பிறகு கார்ட் காலத்தோடு (முன்னால் மாட்டும் சிறு காப்புக் காலம்), பிறகு இரண்டோடும். பெரும்பாலும் கார்ட்தான் குற்றவாளியாக இருக்கும், கார்ட்ரிட்ஜை மாற்றினால் முடிந்தது. கார்ட் போடாமலே ஓட்டியிருந்தால், உற்பத்தியாளர் கையேடு அனுமதித்தால் காலத்தைத் தலைகீழாகத் திருப்பி, டிடெக்டரில் இணைக்காமல், மெதுவாகக் கழுவுங்கள். பாஸ்பேட் ஓடிய காலத்தில் நேராக 100% அசிட்டோநைட்ரைலை விட்டால் உப்பு உள்ளேயே படிகமாகிவிடும். முதலில் தண்ணீர்–அசிட்டோநைட்ரைல் 90:10 அரை மணி நேரம், அதன் பிறகுதான் அசிட்டோநைட்ரைலைக் கூட்ட வேண்டும்.

ஐசோகிராட்டிக்கில், அதாவது கரைப்பான் விகிதத்தை மாற்றாமல் ஓடும்போது இன்னொரு பொறி உண்டு. சீரத்தின் கொழுப்பு சார்ந்த பொருட்கள் காலத்திலேயே தங்கி, இரண்டு மூன்று இன்ஜெக்‌ஷன் கழித்து அகலமான மேடாக வரும். எந்த மாதிரியில் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. ஒரு வெற்று சீரத்தைச் செலுத்தி 45 நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். மேடு தெரிந்தால், ஒவ்வொரு ரன்னின் முடிவிலும் அசிட்டோநைட்ரைலை 65%-க்கு ஏற்றி மூன்று நிமிடம் கழுவிப் பழைய நிலைக்குச் சமப்படுத்துங்கள். பாஸ்பேட்டோடு 70%-ஐத் தாண்ட வேண்டாம். கிரேடியன்ட்டுக்கு உங்கள் மெத்தட்டில் இருக்கும் ஒரே வேலை இதுதான்.

ரெக்கவரி 68% என்று வருந்துகிறீர்கள். எதோடு ஒப்பிட்டீர்கள்? மூன்று தொகுதி வேண்டும்: ஒன்று, மருந்தைக் கரைப்பானில் மட்டும் கடைசிச் செறிவுக்குத் தயாரித்தது, இரண்டு, வெற்று சீரத்தை வீழ்படிவாக்கி முடித்து, மேல் திரவத்தில் மருந்து சேர்த்தது, மூன்று, சீரத்திலேயே மருந்து சேர்த்து முழு வழியாக வந்தது. மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தால் ரெக்கவரி. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சீரத்தின் தாக்கம். மூன்றை ஒன்றால் வகுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் எது எங்கே போனது என்று தெரியாது. புரதத்தில் 75% ஒட்டியிருப்பதால்தான் இழப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புரதம் குலையும்போது அந்த ஒட்டும் விட்டுவிடும். ரத்த மாதிரிகளில் மருந்தை அளக்கும் மெத்தட்களுக்காக 2022-இல் இறுதியான சர்வதேச ஐசிஹெச் எம்10 வழிகாட்டுதலும் ரெக்கவரி 100% ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. குறைந்த, நடு, உயர் செறிவுகளில் ஒரே சீராக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. சீரான 75%, ஆடுகிற 92%-ஐவிட மேல்.

இனி கைடு எடுத்துவிடச் சொன்ன அந்த 0.5. உங்கள் ஸ்டாண்டர்டுகள் 0.5, 1, 2, 5, 10, 15, 20 என்று வைத்துக்கொள்கிறேன். ஏழில் ஆறு மிகச் சரியாகவும், 20 மட்டும் 5% கூடுதலாகவும் வந்தால் என்ன ஆகும்? எடை எதுவும் தராத, அதாவது எல்லாப் புள்ளிக்கும் ஒரே முக்கியத்துவம் தரும் சாதாரண நேர்கோடு அந்த ஒரு புள்ளியின் பக்கம் சாயும். ஆர் ஸ்கொயர் 0.9989. திரும்பக் கணக்கிட்டால் 0.5 என்பது 0.61 ஆகும். உங்கள் எண்கள் அப்படியே வந்துவிட்டன, பாருங்கள். தவறு 20-இல், தண்டனை 0.5-க்கு. அதே தரவில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன் பை எக்ஸ் ஸ்கொயர் எடை (ஒன்றைச் செறிவின் வர்க்கத்தால் வகுத்தது) கொடுத்துக் கோடு போட்டால் 0.5 என்பது 0.502 ஆகிறது, 20 என்பது 20.8, அதாவது 4% பிசகு. இரண்டும் எல்லைக்குள். நாற்பது மடங்கு அகலமான வரம்பில் எடை இல்லாத கோட்டைப் போடவே கூடாது. எம்10-இன்படி ஒவ்வொரு ஸ்டாண்டர்டும் 15%-க்குள், மிகக் குறைந்தது மட்டும் 20%-க்குள் திரும்பி வர வேண்டும். ஆர் ஸ்கொயரைத் தீசிஸில் போடுங்கள், தேர்வாளர் கேட்பார். மெத்தட்டை அதை வைத்து எடை போடாதீர்கள். எடை கொடுத்த பிறகும் 0.5 கூடுதலாகவே வந்தால் காரணத்தைக் கணக்கில் தேடாதீர்கள், முதலில் வெற்று சீரத்தில் தேடுங்கள்.

அப்படியும் 0.5 உங்களுக்குத் தேவையா என்பது தனிக் கேள்வி. தொடர்ந்து மருந்து சாப்பிடும் நோயாளிக்குச் சிகிச்சை வரம்பு மில்லிக்கு 4 முதல் 12 மைக்ரோகிராம். காலை டோஸுக்குச் சற்று முன் எடுத்த மாதிரியில் அதை அளப்பதுதான் நோக்கம் என்றால் 1 முதல் 20 தாராளம். ஒரே டோஸ் கொடுத்து ஃபார்மகோகைனெட்டிக்ஸ் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 0.5-உம் போதாது, முதல் டோஸில் அரை ஆயுள் 25 முதல் 65 மணி நேரம், கடைசி மாதிரிகள் மிகவும் இறங்கிவிடும். அப்போது வீழ்படிவை விட்டு, திரவ–திரவ பிரித்தெடுப்புக்குப் போக வேண்டும். 500 மைக்ரோலிட்டர் சீரம், 3 மில்லி டெர்ட்-பியூட்டைல் மெத்தில் ஈதர், பத்து நிமிடம் குலுக்கல், மேலடுக்கில் 2.5 மில்லியை 40 டிகிரியில் நைட்ரஜனில் உலர்த்தி, 200 மைக்ரோலிட்டர் மொபைல் ஃபேஸில் கரைத்தால் நீர்ப்பதற்குப் பதில் இரண்டு மடங்கு செறிவாகும். மருந்து அயனியாகாது என்பதால் சீரத்தைக் காரமாக்கிக்கொண்டே பிரித்தெடுக்கலாம், அமிலக் குப்பை கீழடுக்கிலேயே நின்றுவிடும். பெங்களூருவின் பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகள் பக்கம் எல்சி-எம்எஸ் (மூலக்கூறின் நிறையை வைத்து அளக்கும் கருவி) கிடைத்தால் இதெல்லாம் எளிது. ஆனால் அங்கே ஆவியாகாத பாஸ்பேட்டை எடுத்துப் போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். ஆவியாகும் அம்மோனியம் ஃபார்மேட்டோடு போங்கள்.

ஸ்டாண்டர்டு தயாரிப்பில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். மாத்திரையைப் பொடித்து ஸ்டாண்டர்டாக வைக்காதீர்கள். காசியாபாத்தில் உள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டு தருகிறது. ஸ்டாக் கரைசலை இரண்டு தனி எடைகளில் தயாரியுங்கள்: ஒன்று காலிப்ரேஷனுக்கு, மற்றது க்யூசி-க்கு. இரண்டும் ஒரே ஸ்டாக்கிலிருந்து வந்தால் எடையில் செய்த தவறை எந்த க்யூசி-யும் காட்டிக்கொடுக்காது. சீரத்தில் சேர்க்கும் மெத்தனால் கரைசல் 5%-ஐத் தாண்டக் கூடாது, அதாவது 475 மைக்ரோலிட்டர் சீரத்துக்கு 25. தாண்டினால் ஸ்பைக் செய்யும் (சீரத்தில் மருந்து சேர்க்கும்) இடத்திலேயே புரதம் வீழும். சேர்த்துக் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள்.

வாலிடேஷன் பட்டியலை எம்10-இலேயே படித்துக்கொள்வீர்கள். அடிக்கடி தவறுவது இவைதான்: ஆறு வெற்று சீரங்களோடு, கொழுப்பு மிகுந்த ஒன்றும் சிவப்பணு உடைந்த ஒன்றும் வேண்டும், மருந்தின் இடத்தில் வரும் குறுக்கீடு மிகக் குறைந்த ஸ்டாண்டர்டின் 20%-ஐயும், இன்டர்னல் ஸ்டாண்டர்டின் இடத்தில் 5%-ஐயும் தாண்டக் கூடாது. குறைந்த க்யூசி மிகக் குறைந்த ஸ்டாண்டர்டின் மூன்று மடங்குக்குள், அதாவது 1.5-க்குள் இருக்க வேண்டும்; பலர் 3, 4 என்று வசதியான இடத்தில் வைத்துவிடுகிறார்கள். 20 ஸ்டாண்டர்டுக்கு அடுத்து ஒரு வெற்று சீரத்தைச் செலுத்திக் கேரிஓவர் (முந்தைய மாதிரியின் மிச்சம்) பாருங்கள். ஊசி கழுவ மெத்தனால்–தண்ணீர் 50:50.

ஸ்பைக் செய்த சீரம் எதிலும் எபாக்சைடு இருக்காது, நோயாளியின் சீரத்தில் இருக்கும். வால்ப்ரோயேட்டும் சேர்த்துச் சாப்பிடுபவரிடம் இன்னும் அதிகமாக இருக்கும். அது மருந்துக்கு முன்னால் வரும். உங்கள் பழைய மெத்தட்டின் 3.2 நிமிடத்தில் அது மருந்தோடு நெருங்கி, முன்பக்கக் கூட்டத்துக்குள் மறைந்திருக்கும். எபாக்சைடு ஸ்டாண்டர்டு கொஞ்சமாவது வாங்கி, தனியாக எங்கே வருகிறது என்று குறித்துவையுங்கள். முடியாவிட்டால், எதிக்ஸ் அனுமதிக்குப் பிறகு கிடைக்கும் முதல் நோயாளி மாதிரியை 215-இலும் 285-இலும் பார்த்து ஒப்பிடுங்கள். மருந்துக்கு முன்னால் 215-இல் தெரிந்து 285-இல் மங்கும் புதிய பீக் ஒன்று இருந்தால் முதலில் அதைச் சந்தேகிக்கலாம்.

அடுத்த முறை எழுதும்போது இரண்டு பிஹெச்-களிலும் ஆறு வெற்று சீரங்களை 215-இலும் 285-இலும் ஓட்டிய படங்களை, ஒய் அச்சு 0.5 ஸ்டாண்டர்டின் உயரத்துக்குப் பெரிதாக்கி அனுப்புங்கள். எடை கொடுத்த கோட்டில் ஏழு ஸ்டாண்டர்டுகளின் திரும்பக் கணக்கிட்ட மதிப்பும் கூடவே இருக்கட்டும். மாத்திரையின் படம் வேண்டாம்.